கோரைப் பாத்திக்குச் சுண்ணாம்பு

3 ஏப்ரல்

அன்புள்ள அப்பா,

அங்கே சிறையில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? அம்மா மீன் புளிக்குழம்பு வைக்கும் நாளெல்லாம் உங்கள் தட்டையும் எடுத்து வைக்கிறாள்; பிறகு கவிழ்த்துவிடுகிறாள்.

நல்ல செய்தி. இருபத்தைந்தாம் தேதி அதிகாரிகள் நம் கோரைப் பாத்தியைப் பார்க்க வருகிறார்கள். படகில் உங்களிடம் பிடித்த கோரைக் கட்டுகள் ஏரிக் காப்புப் பகுதியில் திருடியவை அல்ல, நம் வீட்டுப் பின்புறத்தில் வளர்ந்தவைதான் என்று நேரில் பார்த்துவிட்டால், மேல்முறையீட்டில் உங்களை விட்டுவிடுவார்களாம். வக்கீல் அம்மா சொன்னார்.

இந்தக் கோடையில் கோரை நுனிகள் மஞ்சளித்தன. பயப்படாதீர்கள், நான் சும்மா இருக்கவில்லை. பள்ளியிலிருந்து லிட்மஸ் தாள் கொண்டுவந்து பாத்தித் தண்ணீரில் நனைத்தேன். செக்கச் சிவந்துவிட்டது! அவ்வளவு புளிப்பு. புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு இட வேண்டும் என்று விவசாயப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூன்று மூட்டை இட்டுவிட்டேன். சலுய் அத்தை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னடி பிக்குன், தோட்டத்துக்கே வெள்ளையடிச்சிட்டியா? எப்போடி கிரகப்பிரவேசம்?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். நீங்கள் வரும்போது பாத்தி பச்சையாக இருக்கும்.

உங்கள் மகள்
பிக்குன்

9 ஏப்ரல்

மகளே,

உடனே தண்ணீரை வடித்துவிடு. அடியில் படிந்த வெள்ளையை வழித்து வெளியே கொட்டு. நம் கோரை சதுப்பில் பிறந்தது. புளித்த தண்ணீரில்தான் பிழைக்கும். நுனி மஞ்சளிப்பது கோடையில் எப்போதும் உள்ளதுதான், மழை விழுந்தால் தெளிந்துவிடும். புத்தகம் எழுதியவர் நெல்லை நினைத்து எழுதியிருப்பார். உன்மேல் தப்பில்லை. ஆனால் சீக்கிரம் செய்.

அப்பா

18 ஏப்ரல்

அப்பா,

புத்தாண்டு விடுமுறையில் தபால் ஓடவில்லை. உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொட்டால் தண்டு கையோடு வருகிறது. அடி அழுகி நாறுகிறது. ஒரு குருத்தாவது இருக்காதா என்று வரிசை வரிசையாக விரல் விட்டுப் பார்த்தேன். இல்லை.

அம்மா பாத்திக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். "அவரு திருடலைங்கறதுக்கு இது ஒண்ணுதான்டி சாட்சியா இருந்துச்சு. அதையும் படிச்சுப் படிச்சுக் கொன்னுட்டியே" என்றாள். அவள் என்னை இப்படிப் பேசியதே இல்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை.

இன்னும் ஏழே நாள். வேறு வழி தெரியவில்லை, அப்பா. இன்று மதியம் காவலர்கள் சாப்பிடப் போன நேரத்தில் உங்கள் சின்னப் படகை எடுத்துக்கொண்டு காப்புப் பகுதிக்குப் போனேன். நாற்பது கொத்து தோண்டினேன். கை கிழிந்துவிட்டது. அழுகியதையெல்லாம் பிடுங்கிவிட்டு, நீங்கள் நட்டதைப் போலவே சாணுக்கு ஒன்றாக நட்டிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய பாத்தி மாதிரியே இருக்கிறது.

நீங்கள் செய்யாத திருட்டை, நீங்கள் செய்யவில்லை என்று காட்டுவதற்காக, நானே செய்துவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

பிக்குன்

22 ஏப்ரல்

என் கண்ணே,

எங்களுக்கு வரும் கடிதங்களை ஓர் அதிகாரி படித்துவிட்டுத்தான் தருவார். இதை உனக்கு முன்பே சொல்லாதது என் தப்பு. நீ மனம் திறந்து எழுதாமல் போய்விடுவாயோ என்ற பயம்தான் காரணம்.

அவர் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஏன்யா, உன் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். பதினைந்து என்றேன். "பதினஞ்சு வயசுல இவ்ளோ விவரமா, தேதி போட்டா எழுதுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முத்திரை குத்தி என் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் அதை அங்கேயே கிழித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நம் தோட்டத்து மண் பழுப்பு. ஏரிக் கோரையின் வேரில் கரிச்சேறு ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் ஒரு கொத்தைப் பிடுங்கினால் போதும். அதனால் நேற்று மேல்முறையீட்டு மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். படகிலிருந்த கட்டுகள் ஏரியில் வெட்டியவை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இனி யாரும் பாத்தியைப் பார்க்க வரமாட்டார்கள். இன்னும் பதினான்கு மாதம்தான். எனக்கு இங்கே பழகிவிட்டது.

ஊரில் என்னைத் திருடன் என்பார்கள். நீ வாய் திறக்காதே. அம்மாவிடமும் சொல்லி வை. நீ நட்டது பிழைத்தால் பிழைக்கட்டும், பிடுங்காதே.

மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது, கண்ணே. இதற்குப் பதில் மட்டும் எழுதாதே. இதை அந்த அதிகாரியே பார்த்து அனுப்பிவிடுவார்; அடுத்த வாரத்திலிருந்து வேறொருவர் படிப்பார்.

அப்பா