அவருக்கு இல்லாத இடது பக்கம்

அன்புள்ள எஸ்தர் அக்கா,

உடம்பு போனால் மனமும் போயிற்று என்று எழுதியவர் நீங்கள். உங்கள் கணக்குப்படியே உங்களால் இதைக் கேட்க முடியாது. எனக்கும் மறுமையில் நம்பிக்கை இல்லை. இருந்தும் எழுதுகிறேன். இந்தப் பயத்தை வேறு யாரிடம் சொன்னாலும் ஆறுதல் சொல்லிவிடுவார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

கல்லூரியில் நம் தத்துவத் துறையில் உங்கள் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். அதுவும் யோசிக்கும் என்கிறார்கள், உடம்பே இல்லாமல். நீங்கள் இருந்திருந்தால் அதை எதிர்த்து வாதாடியே அன்றைக்கு முழுக்க வகுப்பே நடந்திருக்காது.

நீங்கள் போன பிறகு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஆபீசுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் வலது பாதியில் அடைப்பு, அதனால் உடம்பின் இடது பாதி விழுந்துவிட்டது என்றார் டாக்டர். இவருடைய தங்கை குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டு திருநீறு கொண்டுவந்தாள். "நல்லவேளை அண்ணி, சோத்துக் கை தப்பிச்சுது" என்றாள். பார்க்க வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நம் வீடுகளில் இடது கைக்கு என்ன மரியாதை? கொடுப்பது, வாங்குவது, சாப்பிடுவது எல்லாமே வலது கை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று தட்டில் சோறும் அவரைக்காய்ப் பொரியலும் வைத்தேன். வலது பாதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "பொரியல் பண்ணலையா?" என்றார். தட்டின் இடது பாதியில் அது அப்படியே இருந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை. நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "முன்னாடியே வெச்சா என்ன?" என்று கோபித்துக்கொண்டார்.

கை மட்டும் போகவில்லை அக்கா. இடது என்ற பக்கமே அவருக்குப் போய்விட்டது. போனது அவருக்குத் தெரியவும் இல்லை.

தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவள் இல்லையா, நிரூபித்துக் காட்டப் பார்த்தேன். அவருடைய இடது கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "இது யார் கைங்க?" என்று கேட்டேன்.

"உன் கை."

"என் கை ரெண்டும் இதோ இருக்கே. அப்ப இது யாரோடது?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப உனக்கு மூணு கை" என்றார். அவரே சிரித்துக்கொண்டார். "அதான் வேலையெல்லாம் இவ்ளோ சீக்கிரம் முடிச்சிடறே."

நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆசிரியர் அறையில் ஒரு நாள் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "நிக்கத் தெரிஞ்ச உடம்புதான் வத்சலா, நல்லது கெட்டதுக்கு வார்த்தை கண்டுபிடிச்சுது. நேரா நின்னா நேர்மை. சறுக்கினா தப்பு. உடம்பை எடுத்துட்டா அறத்தைப் பத்திப் பேச நம்மகிட்ட ஒண்ணுமே மிஞ்சாது."

"அப்ப நிக்க முடியாதவங்களுக்கு நேர்மை கிடையாதாக்கா?"

டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "அடிப்பாவி. கிறிஸ்துமஸ் லீவுல யோசிச்சிட்டு வந்து சொல்றேன்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். நான் கேட்கவில்லை. அன்று அது எனக்கு வெறும் மடக்குக் கேள்வி. இன்று அது கைத்தடி ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்குள் நடக்கிறது. நீங்கள் சொன்னது சரி என்றால் இவரில் பாதி இப்போது இல்லை. தவறு என்றால், உள்ளே முழுசாக ஒரு மனம் இருக்கிறது என்றால், அது ஏன் தன் கையைத் தேடவில்லை? எந்தப் பதிலைத் தொட்டாலும் பயமாக இருக்கிறது.

பயம் எங்கே இருக்கிறது, கை வைத்துக் காட்டு என்று பார்ப்பவர்களையெல்லாம் கேட்பீர்களே. எனக்கு அடிவயிற்றில் இருக்கிறது. அவருக்கு எங்குமே இல்லை. அவர் பயத்தையும் சேர்த்து நான்தான் படுகிறேன்.

போன வாரம், "நான் என்ன குழந்தையா? பேப்பர் வாங்கிட்டு வர்றேன்" என்று தனியாகக் கிளம்பிவிட்டார். இரும்புலியூரில் எங்கள் தெருமுனையிலேயே ஜி.எஸ்.டி. ரோடு, கடை எதிர்ப்பக்கம். பின்னாலேயே ஓடினேன். வலது பக்கம் பார்த்தார். லாரி போகும்வரை நின்றார். நடந்தார். பாதி ரோடு வரைக்கும் அவரைப்போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது. மறுபாதியில் வண்டிகள் இடது பக்கமிருந்துதான் வரும். அவர் மறுபடியும் வலது பக்கமே பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்தார்.

ஒரு ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. "யோவ் பெரிசு! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

இவர் வலது பக்கம், ஆளில்லாத ரோட்டைப் பார்த்து, "சொல்லிட்டுத்தாம்பா வந்தேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரருக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்துவிட்டது. "இன்னாம்மா, வண்டி இங்க கீது, சார் அங்க பாத்துகினு பேசறாரு?"

போகலாம் என்று அவருக்குக் கைகாட்டிவிட்டு இவரை வீட்டுப் பக்கம் திருப்பினேன் அக்கா.

"கேட்டைப் பூட்டி வெச்சிடுங்க அண்ணி" என்கிறாள் நாத்தனார். இரண்டு நாள் பூட்டினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் கூடவே போனேன். வண்டி எந்தப் பக்கமிருந்து வருவது அவருக்குத் தெரியாதோ, அந்தப் பக்கத்தில்தான் நான் நடக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் நடந்தால் நானும் அவருக்கு இல்லை. அவர் எடை என் தோளில் சாய்கிறது, அவருடைய இடது கை என் கைக்குள் இருக்கிறது, ஆனால் நான் இல்லை. கடைக்காரரிடம் பெருமையாக, "பாத்தியா, தனியாவே வந்துட்டேன்" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். சொல்லாதீர்கள் என்று தலையசைத்தேன்.

இது பொய்தானே? இல்லை, நிற்க முடியாதவருடைய நேர்மை பக்கத்தில் நிற்கிறவர்மேல் கொஞ்சம் சாய்ந்து நிற்குமோ? இதைத்தான் நீங்கள் சொல்ல இருந்தீர்களா? என் மாணவி யாராவது இப்படி எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

இன்று காலை நடு ரோட்டில் சட்டென்று நின்றுவிட்டார். இடது பக்கம், தாம்பரத்திலிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. வலது பக்கம் திரும்பி, "வத்சலா, எங்கே இருக்கே?" என்றார். "எனக்கு என்னமோ பயமா இருக்கு."

இத்தனை மாதங்களில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது இதுதான் முதல் தடவை. ஏதோ ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறதா? முழுவதும் தெரிந்துவிட்டால் அவர் தாங்குவாரா? அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பக்கத்தில் யார் நடப்பார்கள்? "இங்கதாங்க இருக்கேன்" என்று சொல்லி அவர் கையை இறுக்கினேன். குரல் வந்த திசை தெரியாமல் அவர் வலது பக்கமே தேடிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கும் நான் இடது பக்கம்தான் நடப்பேன். என்றைக்காவது அவர் இந்தப் பக்கம் திரும்பினால், இங்கே ஆள் இருக்க வேண்டும்.

உங்களை இன்னும் எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கும் தங்கை,
வத்சலா