மாமரத்தில் தொங்கும் குப்பிகள்

தர்ஷினி அப்பாவுக்கு,

அங்கே போன் தரமாட்டார்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் கடிதம். நானும் மகளும் சுகம். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

நீங்கள் குடித்துவிட்டு அசந்து தூங்கும்போது நான் பொறுக்கி, குளியலறைக்குப் பின்னால் சாக்கில் கட்டி வைத்த குப்பிகள் நிறைய இருந்தன. பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக் கடையில் போட்டால் தெருவே பார்க்கும் என்று ஒளித்து வைத்திருந்தேன். இப்போது அவற்றில் மண்ணெண்ணெயில் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தி, சூடேறியதும் பச்சைத் தண்ணீரில் முக்குகிறேன். வளையமாக அறுந்து வருகிறது. முதலில் அவசரப்பட்டு நிறைய உடைத்தேன். இப்போது கை பழகிவிட்டது. விளிம்பை உரசி, பாசிமணி கோத்து, வாசல் மாமரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வெயில் பட்டால் முற்றமெல்லாம் பச்சையும் பழுப்புமாக ஆடுகிறது.

பக்கத்து வீட்டு ஷிஜா, "சேச்சி, இத்தனை குப்பி எவிடேந்நு கிட்டி?" என்று கேட்டாள்.

"எங்கேருந்து கெடைக்கும், எங்க வீட்டுல கெடந்ததுதான்" என்றேன். குனிந்துகொண்டு சொல்லவில்லை, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

பொன்முடியில் ரிசார்ட் நடத்துகிறவர் தோட்டம் முழுக்கத் தொங்கவிடக் கேட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் என் பெயர் எழுதிய அட்டை இருக்கும். நம் சாக்குகள் தீர்ந்துவிட்டன. நேற்று ஆக்ரிக் கடையில் நானே குப்பி வாங்கி, பட்டப்பகலில் தெருவழியாகச் சுமந்து வந்தேன்.

நம் வீட்டுக் குப்பியில் ஒன்றை மட்டும் அறுக்காமல் வைத்திருக்கிறேன். கழுவிவிட்டேன், காலிதான். நீங்கள் வந்ததும் நூல் சுற்றித் தருகிறேன். தீயை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி