நீ தனியாக விட்ட கேபிள்

புதுக் கேபிள் பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. நீ மட்டும்தான் அதை அத்தர் மாதிரி இழுத்து முகர்வாய். புதுவாயல் பக்கத்துத் தகடு ஆலையில் இன்று நின்றுகொண்டிருந்தேன். சம்பள வேலையை உதறிவிட்டு நாம் சொந்தமாக எடுத்த முதல் வேலை நடந்த அதே ஷெட். நானும் முகர்ந்து பார்த்தேன். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு சீக்கிரம் போக அப்படி என்ன அவசரம் உனக்கு?

அப்போது கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேருக்கு நெட்வொர்க் கேபிள் என்றால் பிரவுசிங் சென்டர் சமாச்சாரம். நாமோ அதை வைத்து மோட்டார் ஓட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தோம். தகடு நகர்ந்து போக வரிசையாக உருளைகள், உருளைக்கொரு மோட்டார். அதுவரை ஆளுக்கொரு சுவிட்சருகே நின்று, ஒருவர் விசிலடிக்க மற்றவர்கள் ஓட்டினார்கள். ஒன்று பிந்தினாலும் தகடு மடங்கிவிடும். இனி ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தையும் ஒரு டிரைவ் பெட்டி பார்த்துக்கொள்ளும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கேபிளில் கட்டளை போகும் என்றோம்.

பழவேற்காட்டில் உன் வாப்பா ஜவுளிக் கடையில் உனக்கென்று நாற்காலியே போட்டு வைத்திருந்தார். "இந்த வேல படுத்துக்கிச்சுன்னா கடைல வந்து குந்திக்கிறேன்னு வாக்கு குடுத்துட்டேன் மச்சான்" என்று நாஷ்டா சாப்பிடும்போது சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். இட்லி மட்டும் இறங்கவில்லை.

உன் கைவேலைதான் ஊரறிந்ததாயிற்றே. நீ ஒயர் கட்டினால் தலை வாரிப் பின்னிவிட்டது போல இருக்கும். அங்கேயும் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள்களோடு இந்த மெல்லிய நெட்வொர்க் கேபிளையும் சுவரோரம் ஓடும் ஒரே கேபிள் தட்டில் ஒட்டிப் படுக்கவைத்து, சாணுக்கொரு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினாய். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டோம். உருளைகள் வேகமெடுத்ததும் எல்லாம் நின்றுவிட்டன. கேபிள் முனையை வெட்டி வேறு கனெக்டர் போட்டோம். மறுபடியும் நின்றன. சூப்பர்வைசர் வந்தார். "இன்னாப்பா, காலைலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினு கீறீங்க? மத்தியானத்துக்குள்ள ஓடலன்னா இத்தயெல்லாம் கயட்டிக்கினு கெளம்புங்க. நாங்க பழைய சுவிட்சயே மாட்டிக்கிறோம்."

நீ டிரைவ் முன்னால் குந்தி அதன் பச்சை விளக்கையே பார்த்தாய். மோட்டார் நிற்கும்போது ஒழுங்காகச் சிமிட்டிய விளக்கு, ஓடத் தொடங்கியதும் தடுமாறியது. மெல்லத் தலையைத் தூக்கி நீ கட்டிய தட்டைப் பார்த்தாய். மோட்டார் கேபிள்களின் மின் இரைச்சல் பக்கத்திலேயே கிடந்த மெல்லிய கேபிளுக்குள் புகுந்து, போகிற கட்டளையைக் கலைத்துக்கொண்டிருந்தது. சேர்த்துக் கட்டிய உன் அழகுதான் காரியத்தைக் கெடுத்தது.

நான் கட்டரை எடுத்தேன். "தள்ளு மச்சான். நான் கட்னது, நானே அறுக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டாய். ஏணியில் ஏறி ஒவ்வொரு டையாக நறுக்கினாய். ஓரமாகக் கிடந்த துருப்பிடித்த இரும்புக் குழாயை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்து, நெட்வொர்க் கேபிளை மட்டும் அதற்குள் தனியாக விட்டாய். மோட்டார் கேபிளைத் தாண்டியே ஆகவேண்டிய இடத்தில் கூட்டல் குறி போல நேர்குறுக்காகத் தாண்டவிட்டாய். குழாய் கோணலாக நின்றது. "பாக்க சகிக்கலடா" என்றாய்.

சுவிட்சைப் போட்டோம். அத்தனை உருளைகளும் ஒரே மூச்சில் எழுந்து ஒரே வேகத்தில் சுழன்றன. ஒரு சத்தம், ஒரு அதட்டல் இல்லாமல் தகடு தண்ணீர் போலப் போயிற்று. விசில்காரர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவே மறந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆலைகளை ஓடவைத்துவிட்டேன். இன்றைக்கும் முதல் உருளை சுழலும்போது அதே சிலிர்ப்புதான். "எல்லாம் ஒண்ணா சொன்ன பேச்சு கேக்குது பாருடா" என்றாய். வாப்பா உனக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்துவிட்டது.

அந்த டிரைவுகளை மாற்றத்தான் இப்போது என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ பின்னிப் பின்னிக் கட்டிய மின்சாரப் பேனல்களெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. குழாய் மட்டும் அதே கோணலோடு சுவரில் இருக்கிறது.

"அசிங்கமா இருக்கு சார், எடுத்துடலாமா?" என்றார் ஆலையின் இன்ஜினியர்.

"கைய வெச்சீங்க, கெட்ட கோவம் வரும்" என்றேன். பாவம், பயந்துவிட்டார்.

ஏணியில் ஏறி, புதுக் கேபிளின் நுனியைக் குழாய்க்குள் விட்டுத் தள்ளினேன். எங்கேயும் தட்டாமல் போய் மறுமுனையில் எட்டிப் பார்த்தது. வேலை முடியும்வரை அடக்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை மச்சான், ஏணியிலேயே நின்று அழுதுவிட்டேன்.