மின்மினியின் பழைய வேலை

மார்ச் 3, செவ்வாய்

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. ஆறு வருட உழைப்பு, இருபத்திரண்டு பக்கம்.

மின்மினியின் வெளிச்சப் புரதம் ஆதியில் வெளிச்சத்துக்காக வந்ததல்ல. கொழுப்பை உடல் பயன்படுத்தத் தயார்செய்யும் ஒரு புரதத்தின் வாரிசு அது. எப்போதோ அந்த மரபணு இரண்டாகப் படியெடுக்கப்பட்டது. ஒரு படி பழைய வேலையில் இருந்துகொண்டது, இன்னொன்று வெளிச்சத்துக்குப் போனது. என் கேள்வி ஒன்றுதான்: பிரிவதற்கு முன்பே அந்த மூதாதைப் புரதத்துக்குள் கொஞ்சம் வெளிச்சம் இருந்ததா? இன்றைய பூச்சிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு மூதாதையைக் கணித்தேன், பாக்டீரியாவைக் கொண்டு அதை உருவாக்கினேன், பிரித்தெடுத்து அளந்தேன். இருந்தது! ஒளிமானியில் ஒன்பதாயிரம்.

வேறு நகரத்தில் இதே ஆராய்ச்சி செய்யும் அம்மையார் வெளிச்சமே இல்லை என்று எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ‘எதிர்க்கட்சி’. மரியாதைக்கு அவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மரியாதையா, மிதப்பா? இரண்டும்தான்.

ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை வந்தால் நீட்டிப்பார்கள்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆக, உன் புரதத்துக்கும் ஆரம்பத்துலேர்ந்தே கொழுப்பு” என்றார்.

மார்ச் 11, புதன்

ஆய்வகத்தைப் பராமரிக்கும் அக்கா பதிவேட்டோடு வந்து நின்றார். கண்ணாடிக் குடுவைகள் கழுவுவது முதல் எந்தக் கருவியை யார் எப்போது தொட்டார்கள் என்று எழுதுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு.

“ஏம்மா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே?”

“கேளுங்கக்கா.”

“புரதத்தப் பிரிக்கிற குழாய்ல நீ மூதாதைய ஓட்டியிருக்கே பாரு, அன்னிக்குக் காலையிலதான் அதே குழாய்ல மின்மினியோடத ஓட்டியிருக்கு. நடுவுல கழுவினதா எழுதல. நான் கழுவல. நீ கழுவினியா?”

கழுவினேன் என்றேன்.

கழுவினேனா?

மார்ச் 12, வியாழன்

அந்தக் குழாய் அன்றிலிருந்து குளிர்பெட்டியில் அப்படியே கிடந்தது. அதில் வெறும் உப்புக்கரைசலை ஓட்டி அளந்தேன். புரதமே இல்லாத கரைசல்.

மின்னியது.

மூன்று தடவை சோதித்ததாகப் பெருமையாக எழுதியிருக்கிறேன். மூன்றும் அதே குழாய். நான் அளந்தது மூதாதையை இல்லை, குழாயில் ஒட்டிக்கிடந்த மின்மினி மிச்சத்தை. ஐயோ, எப்படி இப்படிக் கோட்டை விட்டேன்! ஆறு வருஷம்! அக்கா பக்கத்தில் நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். வெளியே யாருக்கும் தெரியாதே, மறுபடி செய்து பார்த்துவிட்டு அப்புறம் சொன்னால் என்ன, என்றுகூடக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். எழுதிவைக்கிறேன்.

அவர் கைகழுவிக்கொண்டே சொன்னார்: “கம்பி தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா நான் மொதல்ல லிஃப்ட்ட நிறுத்துவேன். அப்புறம்தான் ரிப்பேரு.”

மார்ச் 13, வெள்ளி

ஆய்வகத் தலைவரான பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

“யாராருக்குத் தெரியும்?”

“அக்காவுக்கு, எனக்கு, என் வீட்டுக்காரருக்கு.”

“சாயங்காலத்துக்குள்ள பத்திரிகைக்கும் தெரியட்டும். கடிதத்த நீங்க எழுதுங்க. மொதக் கையெழுத்து நான் போடறேன்.”

திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எதிர்க்கட்சிக்கும் ஒரு கடிதம், நடந்தது நடந்தபடி.

மார்ச் 16, திங்கள்

எதிர்க்கட்சியே தொலைபேசியில் கூப்பிட்டார்! குரல் நான் நினைத்ததைவிட மெலிசு.

“உங்க கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன். இப்படி ஒண்ணு எனக்கு யாரும் எழுதினதில்ல. அதனால நானும் சொல்லிடறேன். எங்க பழைய கருவிக்கு ரொம்ப மங்கலான வெளிச்சம் தெரியாது. இல்லவே இல்லன்னு அடிச்சு எழுதினது என் அவசரம்.”

நன்றி என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன்.

முடிவு: புதிய குழாய், மின்மினிப் புரதம் இதுவரை நுழையாத அறை. நான் இங்கே, அவர் அங்கே, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல். எங்கள் ஒளிமானிகளில் ஒன்றைக் கடனாக அவருக்கு அனுப்பப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

புரதம் கட்டிதட்டிப் பாழானது. மறுபடி.

ஏப்ரல் 21, செவ்வாய்

வெறும் கரைசல்: நான்கு. மூதாதை: முப்பத்தொன்று.

ஒன்பதாயிரம் எங்கே, முப்பத்தொன்று எங்கே! வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். நான்கு மணிக்கு அவர் எண் வந்தது: இருபத்தொன்பது. அவருடைய வெறும் கரைசலும் நான்குதான்.

இருக்கிறது. மினுக்கென்று ஒரு துளி. அந்த ஆதிப் பூச்சிக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. கொழுப்பு வேலைக்கு நடுவே தற்செயலாகக் கசிந்தது, அவ்வளவுதான். ஆனால் படி இரண்டானபோது, வேலையில்லாமல் நின்ற படிக்குப் பிடித்துக்கொள்ள அந்தக் கசிவு போதுமானதாக இருந்திருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் எழுதுவேன். இனி எப்போதும்.

அக்காவிடம் ஓடினேன். “முப்பத்தொண்ணா? கழுவின குழாய்லதானே?” என்றார். இருவரும் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

ஜூன் 2, செவ்வாய்

ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது. கட்டுரைக்காக அல்ல, அது இன்னும் எழுதி முடியவில்லை. நீட்டிப்பை முடிவுசெய்யும் குழுவுக்குப் பேராசிரியர் கொடுத்தது, மார்ச்சில் நான் எழுதிய அந்தக் கடிதத்தைத்தானாம்.

ஜூன் 18, வியாழன்

கட்டுரையில் அக்கா பெயரும் வரவேண்டும் என்றேன். நன்றிப் பட்டியலில் அல்ல, ஆசிரியர் வரிசையில். பேராசிரியர் யோசித்தார். எதிர்க்கட்சிதான் போனில் முடித்துவைத்தார்: “அவங்க இல்லன்னா நாம ரெண்டு பேரும் இன்னும் தப்பாத்தானே இருந்திருப்போம்?”

செப்டம்பர் 4, வெள்ளி

கட்டுரை வந்துவிட்டது. நான்கு பெயர்கள். மதியம் நடைவழியில் போனபோது அக்கா தன் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன், தப்புதான்.

“ஆமாண்ணே, என் பேருதான், நாலாவதா இருக்கு பாரு. என்னன்னா, மின்மினிக்குள்ள ஒரு புரதம். ஆதியில அதுக்கு வேற வேல. கூடவே லேசா ஒரு வெளிச்சம், யாருக்கும் உதவாத வெளிச்சம். அப்புறம் அது ரெண்டாச்சு. ஒண்ணு பழைய வேலையப் பாத்துக்கிச்சு, இன்னொண்ணு வெளிச்சத்தையே தொழிலாக்கிக்கிச்சு. அந்த மொத வெளிச்சம் எவ்வளவுன்னு நாங்க அளந்தோம்.”

நாங்கள்.

சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிவிட்டேன்.