பதிவேட்டில் கோடு விழுமுன்

என் தோழிக்கு,

இன்று காலை அலுவலக மேசையில் ஒரு பழுப்பு நிறக் கடித உறை கிடந்தது. பயிலுநர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அரசாங்கம் தரும் ஊக்குவிப்புக் கொடுப்பனவு பற்றிய கடிதம். விண்ணப்பிக்க இன்னும் பத்து நாட்கள். “போன முறையும் நாங்கள் திகதியை விட்டிட்டம் மிஸ்” என்றாள் கணக்குப் பார்க்கும் பெண், மழை பெய்ததைச் சொல்வது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே உனக்கு போன் எடுக்க வேண்டும் போலிருந்தது. நீ போய் எட்டு மாதமாகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

யுத்த காலத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் மின்மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் அந்த வேலைத்தலத்தில் நான் தட்டெழுத்துக்காரி, நீ பயிலுநர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தவள் நான். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்தவள் நீ. அத்தனை ஆண்களுக்கு நடுவில் நாம் இரண்டே பெண்கள். கம்பி சுற்றும்போது சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பாய். அப்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய்.

உனக்குச் சான்றிதழ் கிடைக்க இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. உன் மாதப்படியில் பாதியை அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பித் தரும், அரையாண்டுக்கு ஒரு முறை பயிலுநர் வேலைக்கு வந்த நாட்களின் வரவு விபரத்தோடு படிவம் அனுப்பினால். நம் முதலாளி நல்ல மனிதர், ஆனால் பெரிய மறதிக்காரர். யுத்தத்தால் வியாபாரமும் படுத்திருந்தது. இந்த முறை காசு வராவிட்டால் பயிலுநர்களை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று முன்பே சொல்லியிருந்தார்.

அவருடைய மேசை லாச்சியில் பழைய பில்களுக்கு அடியில் அந்தப் படிவத்தை நான் கண்டெடுத்தபோது மதியம் தாண்டியிருந்தது. கடைசித் திகதி அன்றைக்குத்தான். நாலு மணி வரைக்கும்தான்.

“ஐயோ தங்கச்சி, நான் இதை மறந்தே போனன்” என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

நீ வார்னிஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாய். “மொதலாளி, நீங்க கையெழுத்த மட்டும் வைங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்.”

ஆறு மாத வரவை நீ வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். அவ்வளவு வேகமாக என் விரல்கள் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. படிவம் வாங்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போக மூன்று மணிக்கு ஓட்டோவில் ஏறினோம். “அய்யே, இக்மனட்ட!” என்று, சீக்கிரம் போகச் சொல்லிச் சிங்களத்தில் ஓட்டோக்காரரை நீ விரட்டிக்கொண்டே வந்தாய்.

பாதி வழியில் சோதனைச் சாவடி. உன் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். என்னுடையதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கொழும்பில் தங்குவதற்கு எடுத்த பொலிஸ் பதிவுக் கடதாசியைக் காட்டினேன். சாவடிக்குப் பொறுப்பான பெரியவர் வந்து பார்க்க வேண்டுமாம்.

“நீ போ. அங்க மூடிப்போடுவினம்” என்றேன்.

“பேப்பரு போனா போகட்டும் புள்ள. ஒன்ன இங்க விட்டுட்டு நான் எங்க போறது?”

“உன்ர வேலையெல்லோ போகப்போகுது!”

“வேற வேல தேடிக்கலாம்.”

வெயிலில் என் பக்கத்திலேயே நின்றாய். பெரியவர் வந்ததும் படிவத்தை விரித்து, உன் சிங்களத்தில், இவள் எங்கள் கந்தோர்க்காரி, நாங்கள் போகும் இடம் இது, போகும் காரணம் இது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். அவர் படிவத்தை முழுதாக வாசித்தார். பிறகு என் அட்டையை நீட்டினார்.

அந்தக் கந்தோர் படிகளை நாம் இரண்டிரண்டாகத் தாவி ஏறியது நினைவிருக்கிறதா? சுவர் மணிக்கூட்டில் நாலு கடந்து ஏழு நிமிடம். கவுண்டரில் இருந்த அம்மணி அன்றைய பதிவை முடிக்கும் கோட்டை இழுக்கப் பதிவேட்டின் மேல் அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது தங்கச்சி” என்றார் சிங்களத்தில்.

மூச்சு வாங்கிக்கொண்டே நீயும் சிங்களத்தில் சொன்னாய்: “கோடு இன்னும் போடலியே மிஸ்.”

அவர் பேனையைப் பார்த்தார். உன் கையில் காய்ந்திருந்த வார்னிஷைப் பார்த்தார். “பயிலுநர் யார், நீயா?” என்று கேட்டார். நீ தலையாட்டினாய். ஒதுக்கிய காசு ஒவ்வொரு முறையும் அரசாங்கத் திறைசேரிக்கே திரும்பிப் போகிறது, முதலாளிமார் நேரத்துக்கு அனுப்புவதில்லை, பிறகு வந்து தன்னிடம்தான் சத்தம் போடுகிறார்கள் என்று ஒரு பாட்டம் ஏசித் தீர்த்தார். ஏசிக்கொண்டே அடிமட்டத்தை ஒரு வரி கீழே நகர்த்தினார். முத்திரை விழுந்த சத்தத்தில் நான் உன் கையை நசுக்கியே விட்டேன்.

தெருவுக்கு வந்ததும் நீ விசிலடித்தாய். நடைபாதையில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இருந்த சில்லறைக்கு ஒரு பலூடா வாங்கி இரண்டு கரண்டியால் குடித்துவிட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் கொட்டாஞ்சேனை வரை கதைத்துக்கொண்டே நடந்தோம்.

காசு ஆடி அசைந்து வந்தது. நீ சான்றிதழ் எடுத்தாய். பிறகு பாமன்கடைப் பகுதியில் உன் பெயரிலேயே பலகை மாட்டிக் கம்பி சுற்றும் கடையொன்று போட்டாய். அந்த நாளைப் பற்றி நீ யாரிடமும் பெருமையடித்ததில்லை. உன் செத்தவீட்டில் நான்தான் உன் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அழுகைக்கு நடுவில் அவர்கள் சிரித்தார்கள்.

சாவடிகள் போய்விட்டன. ஆனாலும் எங்காவது ஒருவரை மறித்து ஓரமாக நிற்கச் சொன்னால், அவர் யாரென்று தெரியாவிட்டாலும் என் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன. பக்கத்தில் போய், “நானும் நிக்கிறன்” என்கிறேன்.