நத்தார் டியூட்டி

2 செப்டம்பர் 2025, செவ்வாய்

வழக்கம்போலச் சாரங்கியின் வீட்டு முன்னால் காரை நிறுத்தி, வழக்கம்போலக் காத்திருந்தேன். ஐந்து வருடமாக இந்தப் பெண் ஒரு நாளாவது நேரத்துக்கு வெளியே வந்ததில்லை. டென்மார்க்கின் இந்தப் பிராண்டே ஊரிலிருந்து கம்பனிக்கு அரை மணித்தியால ஓட்டம். அவளுக்கு லைசென்ஸ் இல்லை. வீட்டிலிருக்கும் ஒரே காரைக் கணவன் பிரதீபன் பக்டறிக்குக் கொண்டுபோய்விடுவான். ஆகவே நான் சாரதி, அவள் வானொலி. இன்றைய ஒலிபரப்பு: பிரதீபனின் குறட்டை, சனிக்கிழமை மகளை நீச்சலுக்குக் கொண்டுபோன கதை, மட்டக்களப்பார் நாங்கள் ஏன் "என்னகா, வாகா" என்று இழுக்கிறோம் என்ற யாழ்ப்பாணத்துக்காரியின் விசாரணை.

ஒரு நாளில் நான் வாய் திறந்து தமிழ் பேசுவது போகும் அரை மணியும் வரும் அரை மணியும்தான். மற்ற நேரமெல்லாம் திரையில் காற்றாலைகள். எங்காவது ஒன்று நின்றால் சிவப்பு எரியும். நாங்கள் இங்கிருந்தே அதைத் திரும்ப ஓடவிட வேண்டும்.

மத்தியானம் செய்தி வந்தது. நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது! டொய்லெட்டுக்குள் போய் நின்று மூன்று தரம் வாசித்தேன்.

திரும்பி வரும்போது சாரங்கியிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

5 செப்டம்பர்

ஏன் சொல்லவில்லை? அவளும் என்னைப்போல இந்தக் கம்பனி விசாவில்தான் இருக்கிறாள். பிரதீபனின் விசாவும் அவளுடையதில்தான் தொங்குகிறது. அவளுக்கு நிரந்தர வதிவிடம் கிடைக்க இன்னும் இரண்டு வருடம். அது ஒன்று. மற்றது அம்மா பழக்கிய பழக்கம்: முடிகிற வரைக்கும் மூச்சு விடாதே, கண்பட்டுவிடும். செபமாலையும் சொல்லிக்கொண்டு கண்ணூறுக்கும் பயப்படுகிற சாதி நாங்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

ஓகூஸ் நகரத்துக் கம்பனி ஒன்று வேலைக்கு வரச்சொல்லித் திரும்பவும் கேட்டிருக்கிறது. முன்பென்றால் வேலை மாறுவதற்குப் புதிதாக விசா கேட்டு, பதில் வரும்வரை நித்திரையில்லாமல் கிடக்க வேண்டும். இனி ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. ஓம் என்று எழுதிவிட்டேன்.

சம்பளத்துக்காகவா? கொஞ்சம். உண்மையான காரணம் கிறிஸ்மஸ், எங்கள் நத்தார். வந்த முதல் வருடம் மேலாளர் பிளெமிங் கேட்டான், "உங்கள் ஆட்களுக்கு நத்தார் இல்லைத்தானே?" நான் இல்லை என்று தலையாட்டினேன்! ஞானஸ்நானம் பெற்றவள், கோயிலில் நத்தார்ப் பாட்டுப் படித்தவள் தலையாட்டினேன். வேலை போனால் விசாவும் போகும் என்ற பயம். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. இங்கே நத்தார் என்றால் டிசம்பர் இருபத்து நாலு; அன்றைய டியூட்டி என்றால் நிலுஷா, நான்தான். எட்டு நத்தாரும் அந்தத் திரைக்கு முன்னால் தனியே. மற்றவர்கள் கேக் துண்டை எனக்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார்கள். நல்ல மனிதர்கள்தான்.

விலகல் கடிதம் கொடுத்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் கம்பனிக்கு வரவேண்டியிருக்கும். அந்த நாட்களில் காரில் ஆறுதலாகச் சாரங்கியிடம் சொல்லலாம்.

25 செப்டம்பர், வியாழன்

எல்லாம் பிழையாகிவிட்டது.

காலையில் பிளெமிங்கிடம் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். எங்கே போகிறாய் என்றான். சொன்னேன். சிரித்தபடியே எழுந்து கைகொடுத்தான். போட்டிக் கம்பனியாம், அதனால் இன்றோடு போகலாமாம். சம்பளம் மாதக் கடைசியில் வரும், நான் வரத் தேவையில்லை. வாசல் அட்டையை வாங்கிக்கொண்டான். என் ஜக்கெற்றையும் பையையும் அவனே போய் எடுத்துவந்து தந்தான். மண்டபத்துக்குள் என்னைத் திரும்ப விடவில்லை. சாரங்கி உள்ளே மூன்றாவது மேசையில் இருந்தாள்.

போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் வீட்டுக்குப் போக நான்தானே கார்? தரிப்பிடத்திலேயே இருந்தேன். பத்து மணிக்கு வேலையை விட்டவள் பின்னேரம் வரை அதே வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பசித்தது. அசையவில்லை.

வந்தாள். உள்ளே யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நடையிலேயே தெரிந்தது. கண்ணாடியை இறக்கி, "சாரங்கி, ஏறு, எல்லாம் சொல்லுறன்" என்றேன்.

"நான் டெனிஷ்காரர் சொல்லியெல்லோ அறிஞ்சனான்" என்றாள். நேரே பஸ் தரிப்புக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலே போயிருக்க வேணும். போகேல்லை. ஏன் போகேல்லை? விசரி.

26 செப்டம்பர்

சம்பளத்தோடு ஒரு மாத விடுமுறை. ஆரோடை கொண்டாடுறது?

4 ஒக்டோபர், சனி

அவள் போன் எடுப்பதில்லை. வீட்டுக்கே போனேன். வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. யாரோ விருந்தாளிகள். பிரதீபன் கதவைப் பாதி திறந்து, "அவ படுத்திட்டா" என்றான். பின்னேரம் ஐந்து மணி. உள்ளே அவளுடைய குரல் மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தது. மகள் டெனிஷில் வேண்டாம் என்கிறாள், இவள் தமிழில் ஆவெண்டு என்கிறாள்.

திரும்பி வந்த பிறகு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது. "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் நிலுஷா."

19 ஒக்டோபர்

இன்று முழுக்க நான் பேசிய ஒரே ஆள் கடைக் காசாளர். பை வேண்டாம் என்றேன்.

3 நவம்பர், திங்கள்

ஓகூஸில் முதல் நாள். மேசையில் பூச்செண்டு. எல்லோரும் கைகொடுத்தார்கள், பெயரைச் சரியாகச் சொல்லப் பழகினார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். வெயிலே ஊருக்குக் கிட்ட வரும்போது, "இந்த லொறிக்காரனைப் பார்" என்று பக்கத்து சீற்றைப் பார்த்துச் சொன்னேன். அங்கே என் பை இருந்தது.

14 நவம்பர்

கூட்டத்தில் நத்தார் நாள் டியூட்டி பற்றிக் கதை வந்தது. என் கை தானாக எழும்பிவிட்டது. புது மேலாளர் ஒரு மாதிரிப் பார்த்து, "புதிதாக வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை, நாங்கள் சீட்டுக் குலுக்குவோம். உனக்கு நத்தார் உண்டா?" என்றாள்.

"உண்டு" என்றேன். எட்டு வருடத்துக்குப் பிறகு. அவ்வளவு சின்னச் சொல். பிறகு அறைக்கு வெளியே போய் அழுதேன்.

7 டிசம்பர், ஞாயிறு

ஹேர்னிங் ஊர்க் கோயிலில் தமிழ்ப் பூசை. முடிந்து தேநீர் குடிக்கும்போது, கோயிலில் பழக்கமான திரேசா அன்ரி சொன்னார். அவருடைய மருமகள் என் பழைய கம்பனியில் துப்புரவு வேலை செய்கிறாள்.

"உன்ரை நத்தார் டியூட்டியை உந்த யாழ்ப்பாணப் பிள்ளையின்ரை தலையிலை கட்டிட்டாங்களாம். பாவம், அதுக்கொரு சின்னன் இருக்கெல்லே. அண்டைக்குப் பின்னேரத்தோடை பஸ்ஸும் இல்லை, எப்பிடி வீடு சேரப்போகுதோ!"

கோப்பையைக் கீழே வைத்தேன். சாரங்கி சைவ சமயம்தான். ஆனால் மகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரையும்போல அன்று வீட்டில் நத்தார் மரத்தைச் சுற்றி ஆட வேண்டும். பிளெமிங் அவளிடமும், "உங்கள் ஆட்களுக்கு இல்லைத்தானே" என்று கேட்டிருப்பான். அவளும் தலையாட்டியிருப்பாள். நான் வெளியே வந்தேன், அந்தக் கதிரை அவளுக்குப் போனது.

24 டிசம்பர், புதன்

இரண்டு மணிப் பூசைக்குப் போனேன். எட்டு வருடமாக ஏங்கிய பூசை. பாட்டு வாயில் வந்தது, மனம் வேறெங்கோ நின்றது. வீட்டுக்கு வந்து கிழங்கு அடைத்த பற்றிஸ் பொரித்து, சூடாறாமல் துவாயால் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு பழைய பாதையில் ஓடினேன். அவள் ஏறாவிட்டால் பற்றிஸையாவது கொடுத்துவிட்டு வரலாம்.

ஆறு மணி, டியூட்டி முடிகிற நேரம். தெருவில் ஒரு பூச்சி இல்லை. அதே தரிப்பிடத்தில் அதே இடத்தில் நிறுத்தினேன். அவள் வெளியே வந்தாள், என் காரைக் கண்டாள், நின்றாள்.

"பஸ் இல்லையெல்லே. ஏறு" என்றேன்.

அவள் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்து அமத்தினாள். மூலையில் நின்ற சின்ன வெள்ளைக் கார் விளக்கைச் சிமிட்டியது.

"ஆர் ஓடினது?"

"நான்தான். போன சித்திரையிலேயே லைசென்ஸ் எடுத்திட்டன்."

"சனிக்கிழமையிலை நீச்சல் எண்டு சொன்னியே?"

"மகள் நீந்தினவள். நான் கார் ஓடப் பழகினனான்."

"பிறகேன் இவ்வளவு காலமும் என்ரை காரிலை வந்தனி?"

"அவர் அப்பவே கார் வாங்குவம் எண்டவர். நான்தான் வேண்டாமெண்டனான்." அவள் நிலத்தைப் பார்த்தாள். "தனிய ஓடினா நீ ஆரோடை கதைப்பாய்?"

"நீயும்தான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றேன்.

"ஓமகா" என்றாள், என்னைப்போலவே இழுத்து.

வெள்ளைக் காரைத் திரும்பவும் பூட்டினாள். என் பையைத் தூக்கிப் பின் சீற்றில் போட்டுவிட்டு முன்னால் ஏறினாள். மகள் நத்தார் மரத்தடியில் காத்துக்கொண்டிருக்கிறாளாம், நானும் வரவேண்டுமாம். பிராண்டே வரைக்கும் பற்றிஸைத் தின்றுகொண்டே பிளெமிங்கைத் திட்டினாள்.

நாளைக்கு அவளுடைய காரை எடுக்க இரண்டு பேரும் திரும்பப் போக வேண்டும்.