செல்வியின் கழுத்தும் விறகு வண்டியும்

செப். 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது.

செய்ய வேண்டியவை: வெட்டுக்கத்திக்குச் சாணை. காட்டுக்குத் தண்ணீர்க் கேன். செல்விக்குத் தைலம். வண்டி விஷயம் முடிக்க. (இந்தக் கடைசி வரியை ஒரு மாதமாக எழுதிக்கொண்டே இருக்கிறேன்.)

இன்று காலை செல்வி காப்பி டம்ளரைக் கீழே போட்டாள். வலது கை. "வழுக்கிச்சு அண்ணி" என்றாள். சொரசொரப்பான பழைய எவர்சில்வர் டம்ளர் எப்படி வழுக்கும்? நாத்தனார் சொன்னால் நம்பிவிட நான் என்ன முட்டாளா?

போன மாதம் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். கழுத்தெலும்பு தேய்மானம், நரம்பை அழுத்துகிறது, தலையில் இனிமேல் ஒன்றும் வைக்கக் கூடாது, ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். "அவுங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் போயிடுவாங்க. எனக்கு வலியே இல்ல."

வலியில்லாதவளுக்குத் தைலம் ஏன் வாரம் ஒரு பாட்டில் தீர்கிறது?

மண்ணிவாக்கம் தாண்டி இருக்கிற அந்தக் கருவேலங்காட்டில் லோடு ஏற்றுகிற குட்டி யானை வண்டி மண்ரோடு வரைக்கும்தான் வரும். உள்ளே எங்கள் விறகுக்கடைக்காக வெட்டிப் போட்ட விறகு ரோட்டுக்கு வருவது செல்வியின் தலையில். டிராக்டர் விடலாம் என்றால் இடத்துக்காரர் அமெரிக்காவிலிருந்து போனில் கத்துகிறார்: பனை, வேம்பு மேல் கீறல் விழக் கூடாது, பாதையை அகலப்படுத்தக் கூடாது. கருவேலம் மட்டும் போக வேண்டுமாம். அவருக்குச் சொல்வது சுலபம்.

செப். 11, வியாழன்

இவர் சிறுசேரிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றிப்போகிற பஸ் ஓட்டுகிறார். போன வாரம் அங்கே தோட்டக்காரர்கள் ஒரு வண்டியில் இலைதழை அள்ளிப்போவதைப் பார்த்துவிட்டு வந்தார். முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட், பின்னால் கவிழ்க்கிற மாதிரி சின்னத் தொட்டி. ஒல்லியான வண்டி. மரத்துக்கு நடுவில் நுழைந்து போகுமாம். யூடிவி என்று பேர்.

எனக்கு உடனே பிடித்துவிட்டது. அதுதான் தப்பு. அன்றிலிருந்து சாப்பிடும்போதும் போனில் வீடியோ. வெள்ளைக்காரர் பனியில் பைன் மரம் இழுக்கிறார், சேற்றில் இறங்குகிறார், ஆற்றைக் கடக்கிறார். "பாரு, பனியில கூட ஓடுது." மண்ணிவாக்கத்தில் பனிக்கு எங்கே போவது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு ரசம் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார்.

செல்வி எட்டிப் பார்த்தாள். "சீட்டு ரெண்டுதானே கீது. விறகு எங்க குந்தும்?" பின்னால் தொட்டி இருப்பது அவள் கண்ணில் படவே இல்லை. அல்லது பட்டது.

செப். 14, ஞாயிறு

நாசமாய்ப் போன நாள்.

சிறுசேரி தோட்டக் காண்ட்ராக்டர் தன்னிடம் இருந்த பழைய பேட்டரி வண்டியை லாரியில் ஏற்றிவந்து காட்டிலேயே ஓட்டிக் காட்டுகிறேன் என்றார். நல்ல மனிதர். வந்தார். சத்தமே இல்லாத வண்டி. பாதையில் அழகாகப் போனது. நான் மனதுக்குள் செல்வியைத் தூக்கி அந்தச் சீட்டில் உட்கார வைத்துவிட்டேன்.

உள்ளே திருப்பும்போது செல்வி முன்னால் நின்று பஸ் கண்டக்டர் மாதிரி கை காட்டினாள். "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, அப்டியே வா…" டங்கென்று ஒரு சத்தம். வேர்க்கட்டை மேல் ஏறி வயிறு மாட்டி நின்றுவிட்டது. நாலு சக்கரமும் அந்தரத்தில். வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர், இவர், காண்ட்ராக்டர், நான், எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டியதாயிற்று. செல்வியும் தூக்க வந்தாள். திட்டி விரட்டினேன்.

"நான் தான் சொன்னேனே, இதெல்லாம் நம்ம காட்டுக்கு ஆவாது" என்றாள். எப்போது சொன்னாளாம்?

காண்ட்ராக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "சார்ஜ் எங்க மேடம் போடுவீங்க?" காட்டில் கரண்ட் கிடையாது. இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் சேர்த்துத்தான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அந்தக் காட்டில் எந்தக் கட்டை எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு நடப்பவள் செல்வி. அது எப்படித் தெரியாமல் போனது?

செப். 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. பிரியாணி பாய் போன்: "அக்கா, இந்த மாசம் பாதி லோடு போதும். ஊரே சாம்பார் சாப்புடுது." கல்யாணமும் இல்லை. ஆக இந்த ஒரு மாதம்தான் மூச்சுவிட நேரம். ஐப்பசியில் கல்யாணச் சமையல்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், மழையும் சேர்ந்து வரும். சேற்றில் செல்வி தலைச்சுமையோடு வழுக்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதற்குள் வண்டி வந்தாக வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கரிடம் கேட்டதில் புதுப் பேஜார்: இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் சாதாரணமாக நம்பர் கிடைக்காது, ரோட்டில் ஓட்ட முடியாது. சரி, லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டிலேயே போட்டுவைக்கலாம். திருட்டு? காட்டோரம் இடத்துக்காரர் வீட்டுக் கொட்டகைக்குப் பூட்டு இருக்கிறது. செல்வி: "பூட்ட ஒடைக்க எவ்ளோ நேரம் ஆவும்?" எதைச் சொன்னாலும் ஒரு முட்டுக்கட்டை. இவளுக்காகத்தானே இவ்வளவு அலைச்சல்! சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மருந்துக்கடை. துவரம்பருப்பு. தைலம் மறுபடியும்.

செப். 20, சனி

கீழ்க்கட்டளையில் பழைய வண்டி விற்கிறவர். ஈ.சி.ஆர். பக்கம் மூடிப்போன ரிசார்ட் ஒன்றின் டீசல் வண்டி, நாலு சக்கரத்துக்கும் இழுவை, கியர் போட வேண்டாம், உயரமான வயிறு. சிவப்பு. பார்த்ததும் இதுதான் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் அந்த ஆள்! கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது இவரைப் பார்த்து. "சார், மேடத்துக்குக் கலர் புடிச்சிருக்கான்னு கேளுங்க." வாங்குவது மேடம், ஓடப்போவது மேடம் விறகு வெட்டுகிற காட்டில். இவரோ பஸ் டிரைவர் ஜம்பத்தில் போனட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கருவேல முள்ளுக்குத் தாங்குமா என்றேன். "எதுக்கும் தாங்கும்." அப்படியானால் காட்டுக்குக் கொண்டுவாருங்கள். "முள்ளுக்குள்ள டெமோ தர மாட்டோம் மேடம்."

இது தெரிந்துதான் கைப்பையில் பேப்பரில் சுற்றி நாலு முள் கொண்டுபோயிருந்தேன், விரல் நீளத்தில். அந்த ஆள் "ஐயய்யோ மேடம்" என்று ஓடிவருவதற்குள் டயரில் வைத்துச் செங்கல்லால் அடித்தேன். முள்தான் ஒடிந்தது. நாலும். அதற்கப்புறம் அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

செல்வியை உட்கார வைத்துக் காலி மனையில் ஒரு சுற்று. இறங்கினதும் ஆரம்பித்தாள். குலுக்குது. டீசல் நாத்தம். அப்புறம், "செவப்பு வேணாம் அண்ணி, கொளவி வரும்." குளவி வருமாம்! திரும்பி வரும்போது மேடவாக்கம் சிக்னல் வரை நான் அவளோடு பேசவில்லை. இறங்கும்போது பஸ் கம்பியை இடது கையால் பிடித்தாள். வலது கை சும்மா தொங்கியது.

செப். 23, செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

செல்வியைக் காட்டுக்குப் போகாதே, கடையில் உட்கார் என்று சொல்லிவிட்டு நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். வந்து பார்த்தால் கடை பூட்டியிருக்கிறது. ஷேர் ஆட்டோ பிடித்துக் காட்டுக்கு ஓடினேன். பாதையில் எதிரே வருகிறாள், தலையில் முழுக் கட்டு. பின்னாலேயே வெட்டுகிற ஆள், "சொல்லிகினே கீறோம்க்கா, கேக்க மாட்றாங்க."

என்னைப் பார்த்ததும் பதறி வலது கையைத் தூக்கிக் கட்டைப் பிடிக்கப் பார்த்தாள். கை பாதிக்கு மேல் எழவில்லை. கட்டு சரிந்து தோளை உரசிக்கொண்டு விழுந்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் முகம்.

கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. "உன் கழுத்துக்காக வெயில்ல நாய் மாதிரி அலையறேன், நீ என்னடான்னா…" அவள் கீழே விழுந்த கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பேட்டரி வண்டிய கட்டை மேல வேணும்னுதான் ஏத்துனேன்" என்றாள்.

"ஏன்டி?"

"வண்டி வந்துட்டா நான் எதுக்கு அண்ணி? தூக்கறவளுக்குப் பாதின்னுதானே கணக்கு. வண்டி தூக்குச்சுன்னா பாதி வண்டிக்கு. வண்டி உன்னுது. அப்பால நான் இன்னா? அண்ணன் வூட்ல குந்திகினு மூணு வேள துன்றவ. புருஷன் வுட்டுட்டுப் போனவ, பாவம். நீ சொல்ல மாட்ட. ஊரு சொல்லும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதிக்கு மேல் கோபத்தில்தான். இத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்துவிட்டு என்னை இப்படி நினைக்கலாமா? ஆனால் வண்டி வந்த பிறகு அவளுக்கு என்ன வேலை, என்ன பங்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. டயர், டீசல், நம்பர், பூட்டு எல்லாம் யோசித்தேன். இதை யோசித்தது அவள் மட்டும்தான்.

அந்தக் கட்டை ரோடு வரை நானும் வெட்டுகிற ஆளும் இழுத்துக்கொண்டு போனோம். செல்வி வெறுங்கையோடு பின்னால் நடந்து வந்தாள்.

செப். 24, புதன்

காலையில் இவரிடம் சொன்னேன். உடனே போய், "நீ எதுக்குக் கவலப்படுற? நான் பாத்துக்குறேன் உன்னைய" என்று தங்கையின் தலையைத் தடவிவிட்டு வந்தார். எதைச் சொல்லக் கூடாதோ அதையே தேடிப்பிடித்துச் சொல்கிற ஆள். செல்வி தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லருகே நின்றாள்.

"அந்தச் செவப்பு வண்டியச் சொல்லிட்டேன். ஓட்டப்போறது நீதான்" என்றேன்.

"நான் சைக்கிளே ஓட்னதில்ல."

"கத்துக்கோ. கியர் கிடையாது, மெதுவாத்தான் போவும். விறக ரோட்டுக்குக் கொண்டாறவளுக்குப் பாதி. தலையில கொண்டாந்தா இன்னா, வண்டியில கொண்டாந்தா இன்னா? பாதி பாதிதான்."

நம்பாமல் பார்த்தாள். "ஏத்தறது யாரு?"

"நான்."

"நீயா!" சிரித்துவிட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது. புரட்டாசியில் கடை எப்படியும் காற்றாடுகிறது, காலையில் நான் வர முடியும். "தலையில ஒரு சுள்ளி வச்சாலும் ஒப்பந்தம் கேன்சல்" என்றேன். "சரி சரி, மெரட்டாத."

செப். 28, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. வண்டி வந்து இறங்கியது. சூடம், பூசணிக்காய், சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சை. நாலையும் நசுக்க வேண்டியவள் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் குழம்பி, ஒன்றை மட்டும் நசுக்கிவிட்டு வேப்பமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். கீறல் இல்லை. இவர் "ஸ்டியரிங்க ஒடி, ஒடி" என்று கூடவே ஓடினார். "நீ போ அண்ணே, பயமுறுத்தாத" என்று விரட்டிவிட்டாள்.

மதியத்துக்குள் கை வந்துவிட்டது. கட்டைகளுக்கு நடுவில் அவளுக்குத் தெரிந்த வழியிலேயே வளைந்து வளைந்து போகிறாள். நான் ஏற்றுகிறேன். எனக்குப் புடவை கிழிந்தது, முழங்கையில் முள், இடுப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது. மகாராணி சீட்டில் இருந்தபடி, "அண்ணி, பெருசு அடியில போடு. அண்ணி, நடுவுல வையி, சாயுது. இன்னா அண்ணி, இதுக்கே மூச்சு வாங்குது?" பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் இதை இவள் தலையில் சுமந்தாளா என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

கடைசி லோடு. பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் தானாகவே வண்டியை நிறுத்தினாள். என்ன, டீசல் தீர்ந்துவிட்டதா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வலது கையை மடக்கினாள், விரித்தாள். இரண்டு விரல் மடங்கவே இல்லை.

"ரொம்ப வலிக்குது அண்ணி. ஆறு மாசமா. ராத்திரில தோள்லேருந்து வெரல் வரைக்கும் எரியுது. சொன்னா நிறுத்திடுவியோன்னு சொல்லல."

கைநீட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"அந்த ஸ்கேனு, எப்ப போலாம்?"

"நாளைக்கு" என்றேன்.

"லோடு?"

"கெடக்கட்டும்டி."